பெர்னாண்டோ தமிழரா, சிங்களவரா?

களனி கங்கைப் பாலத்தைக் கடந்து வத்தளைக்குள் வந்தால், நீர்கொழும்பு வீதியின் இரு பக்கமும் சில பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெர்னாண்டோ, பெரேரா, சில்வா, பீரிஸ், மென்டிஸ். மருந்துக்கடை, பேக்கரி, சட்டத்தரணியின் பலகை, மலர்ச்சாலை, தேர்தல் சுவரொட்டி என்று எங்கும் இவைதான். வடக்கிலிருந்து முதல்முறையாக வருபவர் இவை எல்லாவற்றையும் சிங்களப் பெயர்கள் என்றே வாசிப்பார். ஆனால் ஞாயிறு காலையில் இதே வீதியிலுள்ள தேவாலயங்களில் தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வருபவர்களிலும் பெர்னாண்டோக்கள் இருக்கிறார்கள். அடுத்த சிங்களத் திருப்பலிக்கு உள்ளே போகிறவர்களிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பெயரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 இறுதியில் நாடு முழுவதும் குடிசன மதிப்பீடு நடந்தது. இந்திய நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டை கொண்டுவரும் வேலையும் நடக்கிறது. நம் பெயர்கள் மறுபடியும் கட்டங்களுக்குள் எழுதப்படப் போகின்றன. பெயரை வைத்து ஆளைத் தரம்பிரித்த ஒரு நாட்டில், பெயரை வைத்தே உயிர் தப்பியவர்களும் உயிர் இழந்தவர்களும் உள்ள ஒரு சமூகத்தில், இது வெறும் எழுத்து வேலை அல்ல. ஒரு பெயர் எப்படி ஓர் இனத்தின் அடையாளமாக மாறுகிறது என்பதைப் பார்க்க பெர்னாண்டோவைவிட நல்ல உதாரணம் நம் கரையில் இல்லை.

பெயரின் பொருள்

பெர்னாண்டோ தமிழும் அல்ல, சிங்களமும் அல்ல. மூலத்தில் அது போர்த்துக்கேயச் சொல்லும் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் வந்த ஜெர்மானியக் குடிகளின் பேச்சிலிருந்து பிறந்தது. அதன் பிற்பாதிக்குத் துணிவு என்று பொருள். முற்பாதியைப் பயணம் என்பாரும் உண்டு, சமாதானம் என்பாரும் உண்டு. துணிந்து பயணம் போகிறவன் என்ற பொருளை எடுத்துக்கொண்டால், கடலோடிகளுக்குப் பொருத்தமான பெயர்தான்.

போர்த்துக்கல்லில் பெர்னாண்டோ என்பது குடும்பப் பெயர் அல்ல, ஆளின் சொந்தப் பெயர். ‘பெர்னாண்டஸ்’ என்றால்தான் அது குடும்பப் பெயர். பெர்னாண்டோவின் மகன் என்று அர்த்தம். கோவாவில் இன்றும் பெர்னாண்டஸ்தான். நம் கரைகளில் மட்டும் தகப்பனின் பெயரே நேரடியாகக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. றொட்றிகோவும் அப்படித்தான். அதேவேளை மென்டிஸ், பீரிஸ், அல்விஸ், கோமஸ் போன்றவை ‘இன்னாரின் மகன்’ என்ற பழைய வால் ஒட்டிய பெயர்கள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நம் வழக்கத்துக்கு அவை ஒருவகையில் உறவுதான்.

மற்றவை மரமும் மண்ணும் சார்ந்தவை. பெரேரா, பேரிக்காய் மரம். லிவேரா, ஒலிவ மரம். பொன்சேகா, வற்றிய நீரூற்று. குரூஸ், சிலுவை. சில்வா என்றால் காடு, கொஸ்தா என்றால் கரை. இந்த இரண்டும் லத்தீன் வழி வந்தவை என்பதால் இத்தாலியர்களுக்கும் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. கொஸ்தா இத்தாலியில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. ஐரோப்பியப் பேரவையின் இன்றைய தலைவர் அந்தோனியோ கொஸ்தா போர்த்துக்கல்லின் முன்னாள் பிரதமர்; அவருடைய தகப்பன் வழி வேர் கோவாவில் இருக்கிறது. தூத்துக்குடியிலும் கொழும்பிலும் கொஸ்தாக்கள் உண்டு. ஒரே பெயர் ஜெனோவாவில் இத்தாலியரையும், லிஸ்பனில் போர்த்துக்கேயரையும், முத்துக்குளித்துறையில் தமிழரையும் குறிக்கிறது. பெயருக்கு இனம் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி தேவையில்லை.

முத்தும் ஞானஸ்நானமும்

இந்தப் பெயர்கள் எங்கள் பக்கம் வந்தது முத்தின் வழியாக. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தில் யாருக்கு உரிமை என்ற போட்டியில் சிக்கியிருந்த பரதவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடினார்கள். பாதுகாப்பின் விலை ஞானஸ்நானம். 1535 முதல் 1537 வரை தூத்துக்குடிக் கரையில் சுமார் 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாகத் திருச்சபை வரலாறு சொல்கிறது. பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1542 இல். மன்னாரில் மதம் மாறியவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தது 1544 இல். தெற்கே கோட்டை அரசன் தர்மபால 1557 இல் கத்தோலிக்கனாகி தொம் ஜுவான் என்ற பெயரைச் சூடிக்கொண்டான். அரசனே பெயர் மாற்றியபோது குடிகளுக்கு அது அவமானமாக இருக்கவில்லை. போர்த்துக்கேயப் பெயர் அதிகாரத்தின் பெயராக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கும் 1619 இற்குப் பின் பெருந்தொகையானோர் முழுக்குப் பெற்றார்கள். ஆனால் இன்று யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடம் அதிகம் காண்பது சவிரிமுத்து, சூசைப்பிள்ளை, மரியநாயகம், அந்தோனிப்பிள்ளை போன்ற பெயர்கள். புனிதரின் பெயரைத் தமிழாக்கி, தகப்பன் பெயரை முன்னே போட்டு, பழைய வழக்கத்தையே தொடர்ந்தார்கள். மன்னாருக்கு வந்தால் குரூஸ், பீரிஸ், பெர்னாண்டோ, மிராண்டா. கடலைக் கடந்து தூத்துக்குடிக்குப் போனால் பர்னாந்து, மோத்தா, மச்சாது, கொரைரா. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தை அந்த ஊர் இன்றும் நன்றியோடு நினைக்கிறது. அவரைத் தமிழரல்லாதவர் என்று அங்கே ஒருவரும் நினைப்பதில்லை. மன்னாரில் இராயப்பு யோசேப்பு ஆண்டகைக்குப் பின் 2017 இல் ஆயராக நியமிக்கப்பட்டவர் இம்மானுவேல் பெர்னாண்டோ. அவரும் தமிழர்தான்.

பள்ளிக்கூடம் மாற்றிய இனம்

அப்படியென்றால் பெர்னாண்டோ எப்போது சிங்களப் பெயரானது? நீர்கொழும்பிலிருந்து மாரவில, சிலாபம், புத்தளம் வரையான கரையில் வாழ்ந்த கத்தோலிக்க மீனவர்களில் பெரும்பகுதியினர் ஒரு நூற்றாண்டுக்கு முன் வீட்டில் தமிழ் பேசியவர்கள். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807 இல் பிறந்தது இந்தக் கரையின் கற்பிட்டியில். இன்றும் நீர்கொழும்பில் சில மீனவக் குடும்பங்கள் தங்களுக்குள் பேசும் தமிழ் உயிரோடு இருக்கிறது. சிங்கள இலக்கணத்தின் சாயல் படிந்த அந்தத் தமிழை மொழியியலாளர்கள் தனிக் கிளைமொழியாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் வாளோ துப்பாக்கியோ இல்லை. பாடசாலை மொழிதான் பெரிய வேலையைச் செய்தது. தாய்மொழிக் கல்வி வந்தபோது இந்தக் கரையின் தாய்மொழி எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றோரைவிடத் திருச்சபையிடமும் கல்வித் திணைக்களத்திடமும் இருந்தது. பாடசாலைகள் ஒவ்வொன்றாகச் சிங்களத்துக்கு மாறின. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1960களின் தொடக்கத்தில் மதப் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டது. அரச வேலை, மீன்பிடிக் கூட்டுறவு, பொலிஸ் நிலையம் எல்லாம் ஒரே மொழியில் நடந்தன. பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேத்தி சிங்களத்தில் பதில் சொல்லும் வீடுகள் உருவாகின. அப்படிப்பட்ட ஒரு பாட்டியை ஹெந்தலையில் நான் சந்தித்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அருள்நிறை மந்திரம் தமிழில்தான் வாயில் வருகிறது. “சாமிக்கு அந்தப் பாஷதான் வெளங்கும் மகள்” என்றார்.

இதற்குள் ஒரு முரணும் இருக்கிறது. இந்தப் போர்த்துக்கேயப் பெயர்களை முதலில் எதிர்த்தவர்கள் சிங்களத் தேசியவாதிகள். தொன் டேவிட் என்ற பெயரோடு 1864 இல் பிறந்தவர் அதை உதறி அநகாரிக தர்மபால ஆனார். அந்நியப் பெயரைச் சுமப்பது அடிமைத்தனம் என்பது அவர்களின் வாதம். பலர் மாற்றினார்கள். ஆனால் பெரும்பாலானோர், பௌத்தர்கள் உட்பட, மாற்றவில்லை. இன்று நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் பெரேராவும் பெர்னாண்டோவும் சில்வாவும் முன்னணியில் நிற்கின்றன. அடிமைப் பெயர் என்று இகழப்பட்டது, அரை நூற்றாண்டுக்குள் பெரும்பான்மையின் பெயராகிவிட்டது. பெயர் அப்படியே இருந்தது. அதைச் சுமந்தவர்களின் மொழியும் அதிகாரமும் மாறின.

சோதனைச் சாவடியில் ஒரு சொல்

1983 யூலையில் கொழும்பிலும் வத்தளையிலும் வீதிகளில் வாகனங்களை மறித்தவர்கள் பெயர் கேட்டார்கள். பெயரில் சந்தேகம் வந்தால் ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். ‘பால்திய’. வாளி என்பதற்கான சிங்களச் சொல். தமிழ் நாக்கு அதை வேறு மாதிரி உச்சரிக்கும் என்பது அவர்களின் கணக்கு. அன்று தப்பியவர்கள் பலரின் நினைவுகளில் இந்தச் சொல் பதிந்திருக்கிறது. அதைக் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காத ஒன்று உண்டு. அந்தச் சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததுதான். நாம் உட்காரும் கதிரை, போடும் சப்பாத்து, காலையில் வாங்கும் பாண் எல்லாம் எங்கிருந்து வந்தனவோ அங்கிருந்தே வந்தது. இரண்டு மொழியும் கடன் வாங்கிய ஒரு கருவூலத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்து, யார் இந்த மண்ணுக்குரியவர் என்று அளந்தார்கள்.

அந்த நாட்களில் பெர்னாண்டோ என்ற பெயர் சிலரைக் காப்பாற்றியது. பெயர் கேட்டார்கள், சொன்னார்கள், விட்டார்கள். அடுத்த கேள்வி வந்தவர்களை அது காப்பாற்றவில்லை. போர்க்காலத்தில் அடையாள அட்டை அந்த அடுத்த கேள்வியைத் தானே கேட்டது. வடக்கு கிழக்கில் வழங்கப்பட்ட அட்டையில் தமிழும் அச்சிட்டிருந்தது. மற்ற மாவட்டங்களின் அட்டையில் சிங்களம் மட்டும். மன்னாரில் பிறந்த பெர்னாண்டோவும் மாரவிலவில் பிறந்த பெர்னாண்டோவும் ஒரே வரிசையில் நின்றால், அட்டையைக் கையில் வாங்கியதுமே வேறுபாடு தெரிந்துவிடும். 2007 யூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியபோதும் பெயர், பிறந்த இடம், அட்டை ஆகிய இவைதான் அளவுகோல். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்திய பிறகும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகைக்கு இருந்தவர்கள் வருடக்கணக்கில் பொலிஸ் பதிவுத் துண்டோடுதான் வெளியே போனார்கள்.

மடுவை நினைத்துப் பாருங்கள். ஆவணி 15 திருநாளுக்கு நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் சிங்களம் பேசும் பெர்னாண்டோக்கள் வாகனம் வாகனமாக வருகிறார்கள். மன்னாரிலிருந்து தமிழ் பேசும் பெர்னாண்டோக்கள் வருகிறார்கள். அதே ஆலய வளாகத்தில் 1999 நவம்பர் 20 அன்று, தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணை விழுந்து 40 பேரளவில் இறந்தார்கள். ஒரே தாயிடம் ஒரே பெயரோடு போன இரு கூட்டத்தில் ஒரு கூட்டத்துக்கு அந்த ஆலயம் யாத்திரைத் தலம். மற்றக் கூட்டத்துக்கு அது பதுங்குகுழி.

உயிர்த்த ஞாயிறின் பட்டியல்

2019 ஏப்ரல் 21 தாக்குதலில் 250 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொட்டாஞ்சேனைக்கு அருகில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று ஆலயங்கள் தாக்கப்பட்டன. மட்டக்களப்பில் இறந்தவர்கள் தமிழர் என்பது எல்லோருக்கும் தெரியும். கொச்சிக்கடையில் இறந்தவர்களிலும் பெருந்தொகையானோர் தமிழர் என்பதைத் தெற்கின் ஊடகங்கள் மெல்லமாகத்தான் சொல்லின. பட்டியலில் பெர்னாண்டோ என்றும் பெரேரா என்றும் வந்த பெயர்களைப் பார்த்தவுடன் ‘சிங்களக் கத்தோலிக்கர்’ என்று எழுதியவர்கள் இருந்தார்கள். தமிழ்ப் பக்கத்திலும் அதே வாசிப்பு நடந்தது. இது அவர்களின் துயரம், எங்களுடையது அல்ல என்று ஒதுங்கியவர்களை நான் கேட்டிருக்கிறேன். முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றும் கைகளில் சில, கொச்சிக்கடையின் தமிழ் இறப்புகளைத் தங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் பெயர் ஆராய்ச்சி பொழுதுபோக்காக இல்லாமல் போகிறது. யாருக்காக அழுவது, யாருக்காக நீதி கேட்பது என்பதை நாங்களும் பெயரை வாசித்தே தீர்மானிக்கிறோம் என்றால், சோதனைச் சாவடியின் அளவுகோலை நாங்களும் கையில் எடுத்துவிட்டோம் என்றுதான் பொருள்.

இத்தாலியில் பெர்னாண்டோ

இதே பெயர் இன்று கடலைத் திரும்பிக் கடந்திருக்கிறது. வென்னப்புவ, மாரவில, நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் ஏராளம். ‘குட்டி இத்தாலி’ என்றே அந்த ஊர்களுக்குப் பட்டப்பெயர். இத்தாலியில் சட்டபூர்வமாக வாழும் இலங்கையர் ஒரு லட்சத்துக்கும் மேல். மிலானில் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். சிசிலியின் பலெர்மோவில் ஒரு பெரிய தமிழ்ச் சமூகம் உண்டு. நகரத்தின் காவல் புனிதை ரொசாலியாவின் மலைக்குத் தமிழ் இந்துக்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து ஏறுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

இத்தாலிய அரசு ஒவ்வொருவருக்கும் 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு வரிக் குறியீடு கொடுக்கிறது. அதன் முதல் மூன்று இடமும் குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகள். பெர்னாண்டோவுக்கு இதில் சிக்கல் இல்லை. ஐரோப்பாவில் பிறந்த பெயர், ஐரோப்பியப் படிவத்தில் தானாக உட்கார்ந்துவிடுகிறது. குடும்பப் பெயரே இல்லாத யாழ்ப்பாணத்தவர்தான் அங்கே திணறுகிறார். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிகிறது. பிள்ளை பிறந்தால் தாத்தாவின் பெயர் தொடர்வதா, தகப்பன் பெயர் வருவதா என்ற கேள்வி எழுகிறது. சுவிஸிலுள்ள அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், கனடாவிலுள்ள தங்கைக்கு இன்னொன்று. இருவரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. காணி உறுதி எழுதும்போதும் குடும்ப இணைவுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தச் சிக்கலைப் பார்க்காத போர்க்காலக் குடும்பம் அரிது.

நாப்போலியில் மிகப் பரவலான குடும்பப் பெயர் எஸ்போசித்தோ. ‘வெளியே விடப்பட்டவர்’ என்று பொருள். ஆதரவற்றோர் இல்ல வாசலில் விடப்பட்ட குழந்தைகளுக்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட சொல் அது. பிறகு பெயராகி, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பதிவாளர் ஒரு நாள் எழுதிய சொல் நூற்றாண்டுகள் நிற்கும் என்பதற்கு இது சாட்சி.

நாம் கேட்க வேண்டியவை

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்களோடு பேசும்போது அவர்கள் பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டுவார்கள். ஒரே மகனின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதை அவற்றில் பார்த்திருக்கிறேன். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னே, ஒன்றில் பின்னே, ஒன்றில் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது சிதைந்த எழுத்து. டிஜிட்டல் பதிவில் இதே பிழைகள் ஏறினால் அந்தப் பிள்ளை மூன்று ஆட்களாகிவிடுவான், அல்லது ஆளே இல்லாமல் போய்விடுவான்.

ஆகவே சில விடயங்களில் இப்போதே குரல் கொடுக்க வேண்டும். புதிய அடையாள முறையில் குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயமாக இருக்கக்கூடாது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடும் வழக்கத்தை ஒரு குறைபாடாக அல்ல, இன்னொரு முறையாக ஏற்க வேண்டும். பெயரைத் தமிழில் உரியவரே எழுதிக் கொடுக்கவும், அது மூலப் பதிவாக நிற்கவும் வழி வேண்டும். அது யாழ்ப்பாணத்துக்கு மட்டுமல்ல, வத்தளைக்கும் வேண்டும். இங்கே தமிழ்ப் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் சிங்களத்தில் எழுதப்படுவதைப் பெற்றோர் விதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தமிழ் மொழிமூல வகுப்பில் இடம் தேடி அலைந்து களைத்து, பிள்ளையைச் சிங்கள மொழிமூலத்தில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நீர்கொழும்புக் கரையில் ஒரு நூற்றாண்டாக நடந்தது, கங்கையின் இந்தக் கரையில் நம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. இறந்தவர்களை நினைக்கும் பட்டியல்களைத் தயாரிப்பவர்கள் பெயரை மட்டும் பார்த்து எவரையும் சேர்க்கவோ விடவோ கூடாது. குடும்பத்திடம் போய்க் கேட்க வேண்டும். தமிழை இழந்த பெர்னாண்டோவிடம் ‘நீ சிங்களவன்தானே’ என்பதும், தமிழ் பேசும் பெர்னாண்டோவிடம் ‘நீ உண்மையில் தமிழனா’ என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள். தலைப்பிலுள்ள கேள்விக்கான பதிலை அந்தப் பெயரைச் சுமப்பவர்தான் சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்கிறாரோ, அந்த மொழியில் எழுதிக்கொள்வது பதிவாளரின் வேலை. எழுதுகிற எங்களுடைய வேலையும் அதுதான்.